தொண்டும் கூலியும்

யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் (1872–1964) துறவு பூணுவதற்கு முன், கிளிநொச்சிப் பகுதியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் களஞ்சியப் பொறுப்பாளராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பின்னாளில் தன்னைத் தேடி வந்த ஆசிரியருக்கும் வைத்தியருக்கும் கமக்காரருக்கும் அவர் பொதுவாகச் சொன்னது, செய்கிற வேலையைச் சிவதொண்டாகச் செய்யுங்கள் என்பதுதான். 1935இல் தொடங்கிய ‘சிவதொண்டன்’ சஞ்சிகை அந்தப் போதனையைத் தன் பெயரிலேயே சுமந்தது. அவர் வேலை செய்த வன்னி மண்ணில் இன்று அவரைப் படிக்காதவர்களிடமும் அந்த எண்ணம் ஊறிக் கிடக்கிறது. கிளிநொச்சிப் பக்கத்து முரசுமோட்டையில் விதைப்புக்கு நல்ல நாள் பார்ப்பவரும், புது நெல்லில் கோயிலுக்குப் பொங்குபவரும் கமத்தை வெறும் வருமானமாக நினைப்பதில்லை. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. வேலையைத் தொண்டாகக் கருதுவது மனிதரை நலமாக வாழ வைக்கிறதா, தாங்கக் கூடாததையும் தாங்கப் பழக்குகிறதா? இரண்டையும் செய்கிறது என்றே நினைக்கிறேன். எது நடக்கும் என்பது, அந்தத் தொண்டைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

முதலில், வேலை என்பது காசு மட்டுந்தான் என்று சொல்லும் கட்சியைப் பார்ப்போம். ஒஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூரில் ஆலை மூடப்பட்ட பிறகு உளவியலாளர் மரீ யஹோடாவும் அவருடைய சகாக்களும் செய்த ஆய்வு 1933இல் வெளிவந்தது. வேலை போனவர்களுக்கு நேரம் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது கூடக் குறைந்தது, ஆண்களின் நடை தளர்ந்தது, நாள் தன் வடிவத்தை இழந்தது. வேலை சம்பளத்தோடு சேர்த்து ஒரு நாளுக்கு ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனிதரையும், ஊரில் ஓர் இடத்தையும் கொடுக்கிறது என்று யஹோடா பின்னர் விளக்கினார். வன்னிச் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. போர் முடிந்த 2009இல் மெனிக் பாம் முகாம்களில் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோர் நிவாரண அரிசியில் சீவித்தார்கள். வயலும் மாடும் இல்லாத அந்த மாதங்களில் சோறு கிடைத்தது, செய்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போரின் உளப் பாதிப்பைத் தனிமனித நோயாக மட்டும் பார்க்க முடியாது, ஊரும் உறவும் தொழிலும் சேர்ந்து குலைந்ததாகவே பார்க்க வேண்டும் என்று உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படியானால் மீள்குடியேறிய பிறகு முதல் உழவு வெறும் பொருளாதாரச் செயலாக இருந்திருக்க முடியாது. வேலைக்குள் பணத்துக்கு மேற்பட்ட ஏதோ உண்டு என்பதில் சைவமும் உளவியலும் ஒன்றுபடுகின்றன.

பிணக்கு அடுத்த படியில் வருகிறது. வேலை புனிதம் என்றால் அதற்காக எவ்வளவு கொடுக்கலாம்? சேக்கிழாரின் பெரியபுராணம் இந்தக் கேள்வியை மறைக்கவில்லை. நாயன்மார்களில் குயவர், மீனவர், நெசவாளர் எல்லாரும் தொழிலோடேயே அடியாரானவர்கள். காஞ்சியில் சலவைத் தொழில் செய்த திருக்குறிப்புத்தொண்டர் ஓர் ஏழை அடியாரின் கந்தையைப் பொழுதுபடுவதற்குள் வெளுத்துத் தருவதாக ஏற்கிறார். மழை விடவில்லை, சொன்ன நேரம் தப்புகிறது, துணி துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போகிறார். திருவொற்றியூர்க் கலியனாரோ விளக்குக்கு எண்ணெய் இல்லாத நாளில் தன் கழுத்தை அரிந்து இரத்தத்தால் எரிக்கத் துணிகிறார். இதைப் படிக்கும் இன்றைய உளவியலாளர், வேலையால் எரிந்துபோன மனத்தின் சித்திரம் என்று குறிப்பெழுதிவிடுவார். அவசரம் அது. இரண்டு கதைகளிலும் நடப்பதைக் கவனியுங்கள்: சிவனின் கை வந்து பிடித்து நிறுத்துகிறது. அந்தத் தலையும் அந்த இரத்தமும் இறைவனுக்கு வேண்டியிருக்கவில்லை. சேக்கிழார் அடியாரின் துணிவைப் போற்றுகிறார், சரி. ஆனால் காணிக்கை கழுத்தைத் தொடும் இடத்தில் அதை ஏற்காத கடவுளையும் அவரே காட்டுகிறார். பிரசங்கங்களில் முதற்பாதியை நீட்டி இரண்டாம் பாதியை அற்புதமாக மட்டும் சொல்லி முடிப்பது நம் வழக்கம்.

கலியனார் கதையில் இன்னொரு நுட்பம் உண்டு, அதுதான் இங்கே எனக்கு முக்கியம். செல்வம் போன பின் அவர் பிறருடைய செக்கில் கூலிக்கு உழைக்கிறார். கூலியை வாங்கி அதில்தான் விளக்கேற்றுகிறார். செக்குக்காரனுக்கு அவர் செய்தது வேலை. கோயிலுக்குச் செய்தது தொண்டு. தொண்டு என்று சொல்லிச் செக்குக்காரன் கூலியைக் குறைத்ததாகக் கதையில் இல்லை, குறைத்திருந்தால் விளக்கும் எரிந்திருக்காது. விரதத்தை இந்த அடியார்கள் தாமே எடுத்தார்கள். மேலதிகாரி எவரும் சுமத்தவில்லை. வேலை தொண்டாவது செய்பவர் மனத்திலிருந்து மட்டுமே நடக்க முடியும். வேலை வாங்குபவர் அதை எதிர்பார்த்த கணமே அது சுரண்டலுக்கு நல்ல பெயராகிறது. 2009இல் பண்டர்சனும் தொம்சனும் வட அமெரிக்க மிருகக்காட்சிச்சாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே போகிறது. தம் வேலையைப் பிறவிப் பணியாக உணர்ந்தவர்களுக்கு அதில் ஆழ்ந்த பொருள் இருந்தது. அதே ஆட்கள்தான் சம்பளத்தையும் சுகத்தையும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாகவும், நிர்வாகத்தின் கையில் எளிதில் அகப்படக்கூடியவர்களாகவும் இருந்தார்கள். பக்தி உள்ள தொழிலாளிக்குக் காவல் கூடுதலாகத் தேவை.

அந்தக் காவல் எது? 1979இல் ரொபேட் கரசெக் முன்வைத்த கருத்து இன்றும் நிற்கிறது: வேலைச் சுமை மட்டும் ஆளை முறிப்பதில்லை, சுமை கூடி, அதை எப்படிச் செய்வதென்று தீர்மானிக்கும் உரிமை குறையும்போதுதான் முறிகிறது. முரசுமோட்டைக்கு இது புதிதல்ல. அவ்வூர் வயல்கள் உட்பட ஏறத்தாழ 21,000 ஏக்கருக்கு நீர் கொடுக்கும் இரணைமடுக் குளத்தில் சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தண்ணீர் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதிக்குள் விதைப்பது, வாய்க்கால் எப்போது திறப்பது என்பவற்றை அரசாங்க அதிபர் தலைமையில் கமக்காரர் அமைப்புகளும் திணைக்களங்களும் கூடிப் பேசித் தீர்க்கிறார்கள். அங்கே சண்டையும் வரும், அரசியலும் வரும். ஆனாலும் தன் பங்கு குறைந்ததற்கான காரணத்தை அறிந்து, அதைப் பற்றிப் பேச இடமும் இருந்தவருடைய மனம், காரணம் சொல்லப்படாமல் இழந்தவருடைய மனம் அல்ல. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டதை நினைத்துப் பாருங்கள். நவம்பரில் தடை தளர்ந்தபோது காலபோகம் தொடங்கிவிட்டது. நாடு முழுவதும் விளைச்சல் விழுந்தது. கமக்காரரைச் சுட்டது நட்டம் மட்டுமென்று நான் நம்பவில்லை. பரம்பரையாக மண்ணை அறிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்ததும் சுட்டது.

கடனும் அப்படியே. நெல்லுக் காசு போகத்துக்கு ஒரு தடவை வருகிறது. நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை வாசலில் நிற்கிறார். வரட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய 2018இல் அரசு முன்வந்ததே நிலைமையின் கடுமையைக் காட்டுகிறது. வெட்டு முடிந்து வயல் ஆறுகிற காலம் கமத் தொழிலில் இயல்பாக உள்ள ஓய்வு. கிழமைத் தவணை அந்த ஓய்வைத் தின்றுவிடுகிறது. மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதை நான் பழிக்கவில்லை, ஆனால் தவணைத் திகதியை அறுவடைக்கு மாற்றுவதும் உளநல வேலைதான்.

இங்கே ஒருவர் மறுக்கலாம்: சூழலை மாற்றுவது நம் கையில் இல்லை, மனப்பாங்கு மட்டுமே நம் கையில் இருக்கிறது, கீதையும் பலனை எதிர்பாராமல் செய் என்றுதானே சொல்கிறது? முதற்பாதியில் உண்மை உண்டு. ஏமி ரெஸ்னீவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய கட்டுரையில் வரும் ஆஸ்பத்திரிச் சுத்திகரிப்பாளர்களில் சிலர், நோயாளரோடு பேசுவதையும் அவர்களுக்கு உதவுவதையும் தாமாகவே தம் வேலைக்குள் சேர்த்துக்கொண்டவர்கள். அவர்களுக்கு வேலை இனித்தது. அந்த உதவியைக் கடமைப் பட்டியலில் எழுதி, செய்யாவிட்டால் சம்பளம் வெட்டு என்றிருந்தால் அதே இனிமை எஞ்சியிருக்குமா என்பது சந்தேகம். கீதை விடயத்தில், அந்த உபதேசம் படை நடத்தும் அரசகுமாரனுக்குச் சொல்லப்பட்டது. அவனுக்கும் கூட, எல்லாம் சொல்லி முடித்த பதினெட்டாம் அத்தியாயத்தில், ஆராய்ந்து பார்த்து விரும்பியபடி செய் என்றே கண்ணன் விட்டுவிடுகிறான். பலனில் பற்று வைக்காதே என்பது ஒருவன் தன் மனத்துக்கு இடும் கட்டளை. அடுத்தவனுடைய பலனில் கை வைக்க அது எவருக்கும் அனுமதி தரவில்லை. யோகர் சுவாமிகளும் களஞ்சிய வேலையை விட்டது தன் தீர்மானத்தில்தான். விடலாம் என்ற வாய்ப்பு இருந்ததால்தான், விடாமல் இருந்தவர்களின் பணியும் தொண்டாக மதிக்கப்பட்டது.

என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. சிறுபோகக் கூட்டத்தில் பேசுபவர் காணிக்காரர். அவருடைய வயலில் மருந்தடிக்கவும் வரம்பு கட்டவும் போகும் காணியில்லாத கூலியாளுக்கு அங்கே குரல் இல்லை. போருக்குப் பின் கிளிநொச்சியில் வந்த ஆடைத் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் பிள்ளைகளுக்கும் அப்படியொரு கூட்டம் இல்லை. அப்படியானால் தீர்மானிக்கும் உரிமை என்பது உள்ளவர்களின் ஆறுதல்தானா? ஓரளவுக்கு ஆம். அதனால்தான் கேள்வியைக் கூலியாளின் மனப்பக்குவத்திடம் கேட்பதை விட, வயலுக்குப் பொங்கல் வைக்கும் காணிக்காரரிடம் கேட்க வேண்டும் என்கிறேன்: இன்றைய கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணிக்கு முடியும், நஞ்சு அடிக்கும் ஆளுக்கு முகக்கவசமும் கையுறையும் உண்டா, வர முடியாத நாளில் அவர் வர முடியாது என்று சொல்லலாமா. கமத்தைத் தொண்டு என்று அவர் சொல்வது உண்மையானால், இவற்றுக்கு விடை சொல்லும் கடமை முதலில் அவருடையது.