படலை திறந்திருந்தாலும்

படலை திறந்து கிடக்கிறது என்பதற்காக யாழ்ப்பாணத்து வளவொன்றுக்குள் யாரும் குரல் கொடுக்காமல் போவதில்லை. திறந்த மூல மென்பொருளுக்கும் அந்த மரியாதை உண்டு. நிரலைத் திருத்த உரிமை எல்லோருக்கும் இருக்கிறது. அங்கே முன்பு எழுதியிருப்பதை வாசிக்கும் பொறுமைதான் சிலருக்கே வாய்க்கிறது.

யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் 2003 நவம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவில் எடுத்துக்கொண்ட முதல் வேலைகளுள் ஒன்று, அதை இயக்கும் திறந்த மூல மென்பொருளான மீடியாவிக்கியின் இடைமுகத்தைத் தமிழாக்கியது. பொத்தான்கள், பட்டிகள், பிழைச் செய்திகள்: யாரும் கைதட்டாத வேலை. பின்னாளில் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்த 'நூலகம்' தளமும் அதே மீடியாவிக்கியில்தான் வளர்ந்தது. கொடுத்தவர் யாரென்று பயன்படுத்துகிறவருக்குத் தெரிவதில்லை. தெரிய வேண்டுமென்று கொடுப்பவரும் நினைப்பதில்லை.

இத்தகைய மென்பொருளைப் பராமரிப்பவர் பெரும்பாலும் சம்பளமில்லாத மனிதர். அவருக்கும் வீடு உண்டு, வேலை உண்டு, காய்ச்சலும் வரும். பிழையை அறிவிக்கும்போது அது எந்தப் பதிப்பில், எதைச் செய்தபோது வந்தது என்று தெளிவாக எழுதினாலே அவருடைய ஒரு மாலைப்பொழுது மிஞ்சும். 'ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?' என்ற கேள்வியால் எந்த நிரலும் திருந்தியதாகத் தெரியவில்லை.

அனுப்பிய திருத்தம் மறுக்கப்படலாம். காரணத்தை வாசித்துவிட்டு மறுபடி அனுப்பலாம். அதுவும் ஒத்துவராவிட்டால், நிரலைப் படியெடுத்துத் தனியே நடத்தவும் உரிமம் இடம் தருகிறது. அப்போது பராமரிப்பவர் நாமே. வருகிற கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பும் நமதே.