படித்ததெல்லாம் இல்மாகுமா?

கம்ப்யூட்டர் தானே படித்து எல்லாவற்றையும் கற்றுக் கொள்கிறதாமே, இனி உஸ்தாது எதற்கு என்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேள்வியை ஒதுக்காமல் நிதானமாக ஆராய்வோம்.

2010 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக் கழகத்தில் டாம் மிட்சலின் குழுவினர் 'நெல்' என்னும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை இயக்கத் தொடங்கினர். இரவும் பகலும் இன்டர்நெட் பக்கங்களை வாசித்து, 'இது ஊர், இது நோய்' என்று செய்திகளைச் சேகரிப்பதே அதன் வேலை. ஆங்கிலத்தில் 'குக்கீ' என்பது தின்பண்டத்துக்கும் பெயர். கம்ப்யூட்டரில் பதியும் ஒருவகைக் குறிப்புக்கும் பெயர். இரண்டையும் ஒன்றென எண்ணிய 'நெல்', குக்கீயைப் போலவே ஃபைலையும் அழிக்கிறார்கள் என்று வாசித்து, ஃபைலையும் தின்பண்டமாக்கி விட்டது! மனிதர்கள்தாம் அதைத் திருத்த வேண்டியதாயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவுமா?

நம் மொழியும் இவ்வாறு வாசிக்கப்படுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்த ஏஐ4பாரத் குழுவினர், தமிழ் உள்ளிட்ட 11 இந்திய மொழிகளிலும் இந்திய ஆங்கிலத்திலும் சுமார் 880 கோடி சொற்கூறுகளைத் திரட்டி 2020-ல் வெளியிட்டனர். பெரும்பகுதி செய்தித் தளங்களிலிருந்து எடுத்ததாகும்.

பல இடங்களில் கண்டால் இயந்திரத்துக்கு நம்பிக்கை கூடுகிறது. ஆனால் ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத் தருவதென்ன? நூறு பேர் அறிவித்தாலும் அனைவரும் ஒருவரிடமே கேட்டிருந்தால், அது அந்த ஒருவரின் செய்தியே. ஆகவேதான் இமாம்கள் எண்ணிக்கையோடு நிற்காமல், யார் யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா என்று ஸனதை ஆராய்ந்தார்கள். செய்தி கொண்டு வருபவர் தீயவராயின் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-வது வசனம் கட்டளையிடுகிறது.

பூந்தமல்லியில் ஒருவர் மனைவி, ஒரு மகன், இரு மகள்களை விட்டு மௌத்தானார் என வைத்துக் கொள்வோம். மனைவிக்கு 8-ல் ஒரு பங்கு, மீதியில் மகனுக்கு 2, மகள்களுக்கு ஒவ்வொன்று என இயந்திரம் சரியாகவே சொல்லக் கூடும். ஆலிமோ முதலில் கேட்பார்: கடன் உண்டா? வஸிய்யத் உண்டா? மய்யித்தின் பெற்றோர் ஹயாத்தாக இருக்கிறார்களா? தாய் இருந்தால் 6-ல் ஒரு பங்கு அவருக்குரியது. இதைக் கேளாமல் பங்கிட்டால் அந்த மூதாட்டியின் ஹக்கு பறிபோகும். மறுமையில் பதில் சொல்பவர் யார்? இயந்திரம் முகல்லஃப் அல்ல. அதை நம்பிப் பங்கிட்டவரே பொறுப்பாளி!

கம்ப்யூட்டரை வெறுக்கச் சொல்லவில்லை. கிதாபைத் தேடித் தரும் பணியாளாக அது இருக்கட்டும், முஃப்தியாக வேண்டாம். இன்னொன்றையும் மறவாதீர்கள்: நாம் விசாரியாமல் இன்டர்நெட்டில் எழுதிப் பரப்பும் ஒரு வரியும் நாளை அதன் பாடமாகலாம். செவி, பார்வை, இதயம் யாவும் விசாரிக்கப்படும் என்கிறது ஸூரத்துல் இஸ்ராவின் 36-வது வசனம். அந்த விசாரணை நமக்குத்தான்.

கேட்டதை ஆராய்ந்து, அறிந்ததை மட்டும் உரைக்கும் நன்மக்களாக வல்ல நாயன் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.