இரண்டாம் தடவை போட்ட தடை

ஒரு தடையைத் திரும்பவும் போடுகிறார்களா? முதல் தடையை யாரும் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கற்பிட்டிக் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்தது. புத்தளம் களப்பின் வாயில் உட்கார்ந்துகொண்டு கண்டி அரசனின் வியாபாரத்தை மறிப்பதுதான் நோக்கம். பாக்கு தங்களைத் தாண்டி இந்தியக் கரைக்குப் போகக்கூடாது. அங்கிருந்து சீலை தங்களுக்குத் தெரியாமல் வரக்கூடாது.

மறித்தார்களா? சுவரைப் பார்த்தால் மறித்திருப்பார்கள் என்றே தோன்றும். ஒல்லாந்தர் எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

அந்தக் காகிதங்களோடு வாழ்நாளைக் கழித்தவர் சின்னப்பா அரசரத்தினம். யாழ்ப்பாணத்து நவாலியில் 1930இல் பிறந்தவர். இலங்கையில் 1658 முதல் 1687 வரை ஒல்லாந்தர் அதிகாரம் எப்படி வேரூன்றியது என்ற அவருடைய நூல் 1958இல் வந்தது. பேராதனை, மலாயா, ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் என்று கற்பித்த இடங்கள் மாறின. கேள்வி அதிகம் மாறவில்லை: ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி வந்தபின் இந்தக் கடலின் வணிகர்கள் என்ன ஆனார்கள்?

அந்த வணிகர்கள் விட்டுச்சென்ற எழுத்து சொற்பம். கம்பனி விட்டுச்சென்றதோ மலை. ஆகவே தோணிக்காரரைத் தேடி அவர் கம்பனியின் ஏட்டுக்குள் போனார். அங்கே தோணிக்காரருக்குப் பெயர் கள்ளக்கடத்தல்காரர். பாக்கு களவாகப் போகிறது, சீலை களவாக இறங்குகிறது, காவல் போதவில்லை என்று அதிகாரிகள் புலம்புகிறார்கள். புலம்பப் புலம்ப, ஒரு கரை முழுவதும் உயிரோடு எழுந்து வருகிறது. அடக்கிவிட்டோம் என்று காட்ட எழுதிய ஏடே அடங்காதவருக்குச் சாட்சி சொல்கிறது.

(அவர்கள் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு எழுதாதிருந்தால் நம்மவரைப் பற்றி நமக்கு இன்னும் குறைவாகவே தெரிந்திருக்கும். விருப்பமில்லாமல் பட்ட கடன்தான் இது. ஆனாலும் கடன் கடன்தான்.)

உங்கள் கைக்கும் இப்படி ஓர் ஏடு வரும், ஒருவேளை இன்றைக்கே. அலுவலகத்தில் மூன்றாம் தடவையாக அதே சுற்றறிக்கை. வீட்டில் "எத்தனை தரம் சொன்னாலும் கேக்கிறான் இல்லை" என்று ஒரு முறைப்பாடு. முறையிடுபவரின் கோபம் உடனே கேட்கும். மற்றவரின் குரலுக்குச் சற்றுக் காத்திருக்க வேண்டும்.

அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இத்தனை தடையையும் மீறி அந்தப் பிள்ளை எங்கே போகிறான், அங்கே அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் அவனிடமே விசாரியுங்கள்.