பெயர் சொல்லாத சட்டம்

ஒரு சமூகத்தைப் பெயர் சொல்லிக் குறிக்காத சட்டம், நடைமுறையில் அந்தச் சமூகத்தின் மேல் மட்டும் விழுந்தால், அது பாகுபாடு காட்டும் சட்டமா? இலங்கையில் இந்தியத் தமிழர் என்றும் அழைக்கப்படும் மலையகத் தமிழரின் வாக்குரிமை வழக்கில் நீதிமன்றங்கள் எதிர்கொண்ட கேள்வி இதுதான். சட்டத்தின் பொருளை வாசகத்தில் தேடுவதா, விளைவில் தேடுவதா என்ற பழைய தத்துவச் சிக்கல் அதற்குள் இருக்கிறது.

1947 பொதுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளையும் தெரிவானார்கள். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் இந்தியத் தமிழர் என்ற பேச்சே கிடையாது. இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக, அவருடைய தந்தையோ, இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். விதி எல்லோருக்கும் பொது. ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து, விடிந்ததும் பெயர்ப்பதிவுக்காகப் பெரட்டுக்குப் போய், கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணிடம் தகப்பனின் பிறப்புப் பத்திரம் ஏது? தகப்பன் ஆள்சேர்க்கும் கங்காணியோடு கடல் கடந்து வந்தவர் என்றால் தேடவே வேண்டியதில்லை. 1949இல் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பிரஜைகளுக்கே வாக்கு என்றாக்கினார்கள். தோட்டத்து மக்களில் பெரும்பாலோரின் பெயர்கள் தேர்தல் இடாப்பிலிருந்து போயின.

பிற சமூகத்தவருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தவர் மேல் மட்டும் நாடாளுமன்றம் சுமத்தக் கூடாது என்றது அன்றைய சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு. கேகாலை மாவட்டத்தில் கொடக்கன் பிள்ளையின் பெயரை இடாப்பில் சேர்க்க மறுத்தபோது, மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம் இந்தப் பிரிவைக் காட்டி அந்தப் பிரஜாவுரிமை, தேர்தல் சட்ட விதிகள் செல்லா என்று தீர்த்தார். 1951இல் உயர் நீதிமன்றம் அவர் முடிவை ரத்துச் செய்தது. வாசகம் தெளிவாக இருக்கையில் அதற்கு வெளியே போய்ப் பொருள் தேட வேண்டாம் என்பது அதன் நிலை.

மேன்முறையீடு, அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகத்துக்குப் போனது. 1953இல் தீர்ப்பை வழங்கியவர், நூரம்பேர்க் போர்க்குற்ற விசாரணைக்குத் தலைமை வகித்த ஓக்சி பிரபு. நேரடியாகச் செய்யக் கூடாததைச் சுற்றுவழியில் செய்தாலும் செல்லாது என்று கழகம் ஒப்புக்கொண்டது. வாசகத்தோடு நின்றுவிடாத இந்த ஒப்புதல் பெரியது. ஆனால் முடிவு மாறவில்லை. இந்தியத் தமிழரின் வந்துபோகும் வழக்கம் பிரஜையாகும் தகுதியைப் பற்றிய செய்தி, சமூகம் என்ற முறையில் அவர்களைப் பற்றியதன்று என்பது அதன் வாதம். மேலும் 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி அவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது தீர்ப்பு.

தர்க்கம் இடறுவது இங்கேதான். வந்துபோகும் வழக்கம் தனி ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்து எழுதியதல்ல, சமூகம் முழுவதன் மேலும் ஒட்டிய அடையாளம். அதைக் காரணம் காட்டிய பிறகு, சமூகம் என்ற முறையில் யாரும் விலக்கப்படவில்லை என்பது பொருந்தாது. சொல் வெளிப்படையாகவும் பொருள் தரும், குறிப்பாலும் தரும் என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. பெயர் சொல்லாமலே ஆளைச் சுட்ட முடியும். தீர்ப்புச் சொன்ன விண்ணப்ப வழியும் எளிதாக இல்லை. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் 1946க்கு முன் இடைவிடாது வசித்ததை ஆவணங்களால் நிறுவ வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர்.

எஞ்சியவர்களில் பெரும்பாலோரை 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. 29(2)ஆம் பிரிவு 1972 அரசியலமைப்போடு மறைந்தது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் 2003இல் நிறைவேறியது. அச்சட்டங்கள் செல்லும் என்ற அந்த இரு தீர்ப்புகளுக்கும் அதற்கும் இடையே அரை நூற்றாண்டு போயிருந்தது.