எல்லோரும் பார்க்க வந்த ஒரு வரி



வீட்டுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி என்ற நிலை வருமுன்னர் ஊருக்கு ஒன்று என்ற காலம் இருந்தது. இலங்கையில் சுயாதீன தொலைக்காட்சி 1979ஆம் ஆண்டிலும் ரூபவாஹினி 1982ஆம் ஆண்டிலும் ஒளிபரப்பைத் தொடங்கின. பெட்டி உள்ள வீட்டு விறாந்தையில் அயலவர் எல்லோரும் பாய் விரித்து அமர்ந்தார்கள். பின்னர் 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், ஒருவர் சைக்கிள் மிதிக்க, அதன் டைனமோவில் இயங்கிய வானொலியைச் சுற்றி நின்று செய்தி கேட்டோம். அன்று பார்ப்பதும் கேட்பதும் பொதுவான காரியங்களாகவே இருந்தன.

பின்னர் திரை சிறுத்தது. கையடக்கத் தொலைபேசியும் 'டெப்' கணினியும் வந்தபின், ஒரே கூரையின் கீழ் ஐந்து பேர் ஐந்து திரைகளைப் பார்க்கின்றனர். இப்பொழுதோ மற்றொரு மாற்றம். கையிலுள்ள டெப்பில் ஓடும் படத்தைக் கம்பி எதுவும் இல்லாமல் ஹோலில் உள்ள பெரிய தொலைக்காட்சியில் காட்டலாம். அப்பிள் நிறுவனத்தின் எயார்பிளே 2010ஆம் ஆண்டிலும், கூகிள் நிறுவனத்தின் குரோம்காஸ்ட் 2013ஆம் ஆண்டிலும் வந்தன. இன்று விற்பனையாகும் தொலைக்காட்சிகள் பலவற்றில் இவ்வசதி உள்ளேயே இருக்கிறது. தனித்தனியே சிதறிப்போன கண்கள் மீண்டும் ஒரே திரையை நோக்குவது நல்லதன்றோ? நல்லதுதான். ஆயினும் அண்மையில் ஒரு வீட்டில் நான் கண்டது என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. அதனையே இங்கு உங்களோடு பகிர விரும்புகிறேன்.

ஒரு மாலை, எனக்கு நன்கு பழக்கமான ஒரு குடும்பத்தினர் என்னை அழைத்திருந்தார்கள். கனடாவில் நடந்த பேத்தியின் திருமண வீடியோ வந்திருந்தது. எண்பது வயதைத் தாண்டிய அம்மம்மாவுக்குச் சிறிய திரையில் எதுவும் தெரியாது. ஆகவே அவருக்காகவே மகன் தன் டெப்பிலிருந்து படத்தைத் தொலைக்காட்சிக்கு எடுத்தார். பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்தார்கள். அம்மம்மா கதிரையைச் சற்று முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். மணமகள் ஆலயத்தினுள் வரும் நேரம், திரையின் மேற்பகுதியில் ஒரு செய்தி வந்து நின்றது. வெளிநாட்டிலுள்ள தம்பி அண்ணனுக்கு எழுதியது. "அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில இந்த மாதமே இடம் பதிஞ்சு விடுங்கோ. வீட்டு அலுவலைப் பிறகு பாப்பம்."

சில விநாடிகள்தான். ஆனால் முப்பது ஆண்டுகள் பாலர் வகுப்புக்கு எழுத்துப் படிப்பித்த ஓர் ஆசிரியைக்கு அது போதும். எல்லோரும் வாசித்தோம். ஒருவரும் பேசவில்லை. மகன் அவசரமாக விரலால் அதனைத் தள்ளிவிட்டார். "மோனை, அதை முதலிலயிருந்து திரும்பப் போடு, பிள்ளை உள்ளுக்கு வாறதை நான் பாக்கேல்லை" என்றார் அம்மம்மா. அவ்வளவே.

நான் புறப்படும்பொழுது அவர் வாசல் வரை வந்தார். "சுவாமி, அங்க போறதில எனக்கு வருத்தமில்லை. இவளும் வேலைக்குப் போறவள், அவன்ரை கஸ்ரமும் எனக்குத் தெரியும். என்னை ஒரு வார்த்தை கேக்காமல் எத்தினை நாளாய்க் கதைச்சவங்களோ, அதுதான்" என்றார்.

வாசகர்களே, இங்கு நடந்த தவறு யாது? அது எங்கே இருக்கிறது?

அந்த வீட்டுப் பேரனிடம் கேட்டால் உடனே விடை சொல்வான். படத்தைத் தொலைக்காட்சிக்கு எடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், டெப் படத்தை அனுப்புவதில்லை. படம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் தொலைக்காட்சிக்குச் சொல்லும். தொலைக்காட்சி தானாகவே அதனை எடுத்துக் காட்டும். டெப்பில் நீங்கள் கடிதம் எழுதினாலும் கணக்குப் பார்த்தாலும் அது ஹோலில் தெரியாது. மற்ற வழி கண்ணாடி போன்றது. டெப்பின் முகத்தில் உள்ளதெல்லாம் அப்படியே பெரிய திரையில் விழும். படமும் விழும், நடுவில் வரும் செய்தியும் விழும். "மாமா முதலாவது வழியைப் பாவித்திருக்க வேண்டும், அல்லது செய்திகள் தோன்றாமல் நிறுத்தி வைத்திருக்க வேண்டும்" என்பான் பேரன். அவன் சொல்வது முழுக்கச் சரியே. இவ்வசதியைப் பாவிப்போர் அதனை அறிந்திருப்பது விவேகம்.

ஆனால் அந்த விடை நம் கேள்விக்கு விடையாகுமா? செய்தி தோன்றாதிருந்தால் அம்மம்மா அன்று அதை அறிந்திருக்கமாட்டார். அவருக்கு இடம் பதிவதும் வீட்டு அலுவலைப் பார்ப்பதும் அவர் அறியாமலே நடந்துகொண்டிருக்கும். கண்ணாடி முகத்தில் கறையைக் காட்டும்பொழுது கண்ணாடியைத் திருப்பி வைப்பவனை நாம் என்னவென்போம்?

அப்படியாயின் இதற்கு மாறான முடிவுக்கு வருவோமா? ஒரு குடும்பத்தில் மறைவு என்று எதுவுமே இருக்கக்கூடாது, ஒவ்வொருவர் டெப்பிலும் உள்ளது அனைத்தும் ஹோலில் தெரியட்டும் என்று சொல்வோமா? சில பெற்றோர் அவ்வாறுதான் நினைக்கின்றனர். அதனையும் நான் ஏற்கமாட்டேன். மறைவெல்லாம் பொய்யல்ல. நோயாளி வைத்தியரிடம் சொல்வது, நண்பன் நண்பனிடம் அழுது சொல்வது, பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்வது ஆகியவை மறைவில் இருக்கவேண்டியவை. வளர்ந்துவரும் மகளுக்கும் தன் மனதைத் தானே பார்த்துக்கொள்ள ஒரு மூலை வேண்டும். சுவர்களே இல்லாத வீட்டில் யாரும் குடியிருக்க முடியாது.

புனித தோமஸ் அக்குவினாஸ் நம்பி ஒப்படைக்கப்பட்ட இரகசியத்தைக் காப்பது கடமை என்கிறார். நாவினால் செய்யப்படும் அநீதிகளைப் பிரித்துக் காட்டும்பொழுது, ஒருவரை முகத்துக்கு நேரே இழித்துரைப்பதையும், அவர் இல்லாதவிடத்துப் புறங்கூறுவதையும் வேறு வேறாக வைக்கிறார். நம் கதையில் வரும் சகோதரர்கள் இவ்விரண்டில் எதையும் செய்யவில்லை. தாயைப் பற்றி அவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. தாயின் நன்மையையே எண்ணியிருக்கலாம். பகல் முழுவதும் தனியே இருக்கும் ஒரு முதியவருக்கு நல்ல பராமரிப்புள்ள இல்லம் பொருத்தமானதாகவும் இருக்கலாம். இருந்தும் அந்தத் தாய் காயப்பட்டார். ஏன்?

அவர்கள் மறைத்தது தங்கள் மனதை அன்று, அவருடைய வாழ்க்கையை. அவர் எங்கே நித்திரை கொள்வது, எந்த ஆலய மணியைக் கேட்டு எழும்புவது, எவரோடு உண்பது என்பன அவருடைய காரியங்கள். அவை அவரைத் தவிர மற்றெல்லோருக்கும் தெரிந்திருந்தன. ஒரு மனிதரை நல்ல எண்ணத்துடனேயே ஒரு தளபாடத்தைப் போல இடம் மாற்றலாம். அன்பு இருந்தது, மதிப்பு இல்லாமற் போயிற்று. அன்பு உள்ள இடத்தில் மதிப்பும் தானாக இருக்கும் என்று நாம் எண்ணுகின்றோம். அது எப்பொழுதும் உண்மையன்று என்பதற்கு நம் வீடுகளிலுள்ள முதியவர்களே சாட்சி.

ஆகவே மறைவை நாம் இவ்வாறு சோதித்துப் பார்க்கலாம். என் டெப்பில் உள்ள இந்த வரி இப்பொழுதே ஹோலில் தெரிந்தால் நான் ஏன் கலங்குவேன்? எனக்கு வெட்கம் வரும் என்பதாலா? அப்படியாயின் அது எனக்கும் என் மனச்சாட்சிக்கும் உரிய காரியம், அங்கே தீர்க்கவேண்டும். என்னை நம்பிச் சொன்ன ஒருவர் காயப்படுவார் என்பதாலா? அப்படியாயின் அதனை மறைத்து வைத்திருப்பதே என் கடமை. அல்லது, அங்கே அமர்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி அவரைக் கேளாமல் முடிவு செய்துகொண்டிருக்கிறேன் என்பதாலா? அப்படியாயின் மறைப்பதற்கு எனக்கு உரிமை இல்லை. செய்தி தோன்றாமல் நிறுத்துவது இம்மூன்றாவது நோய்க்கு மருந்தல்ல. எழுந்து போய் அவர் அருகில் அமர்ந்து பேசுவதே மருந்து.

இதனால் இச்சாதனத்தையே குறைகூறுகிறேன் என்று எண்ணவேண்டாம். தொலைக்காட்சிக்குப் பாதுகாவலி புனித கிளாரா என்பதை உங்களிற் பலர் அறிவீர்கள். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை அவ்வாறு அறிவித்தார். 1252ஆம் ஆண்டு நத்தார் இரவில், அசிசியில் நோயுற்றுப் படுக்கையில் தனித்துக் கிடந்த அவர், தம்மால் போகமுடியாத ஆலயத்தில் நடந்த வழிபாட்டை அங்கிருந்தே கண்டார், கேட்டார் என்பது மரபு. போகமுடியாதவரிடம் காட்சியே வந்து சேர்ந்தது. கடல் கடந்து போகமுடியாத ஓர் அம்மம்மாவிடம் பேத்தியின் திருமணம் ஹோலுக்கே வந்து சேர்வதும் அதே வகையான நன்மையன்றோ? அந்நன்மையை அவருக்குச் செய்ய நினைத்த மகன் கெட்டவரல்லர். படத்தைத் தாய்க்குக் காட்டவேண்டும் என்று நினைத்தவருக்கு, பேச்சையும் தாயிடம் காட்டவேண்டும் என்று தோன்றாமற் போனதுதான் குறை.

ஒன்றை இங்கு சொல்லியாக வேண்டும். மற்றவர் மறைவைப் பற்றி எழுதும் நான் அவரைக் கேளாமல் எழுதினால், மேலே கண்டித்த அதே தவறைச் செய்தவனாவேன். ஆகவே அந்தத் தாயாரிடமும் மகனிடமும் கேட்டபின்னரே, அடையாளம் தெரியாதவாறு சிலவற்றை மாற்றி எழுதுகிறேன். மகன் சற்று யோசித்தார். தாயார் உடனே, "எழுதுங்கோ சுவாமி, இன்னும் எத்தினை வீட்டில இருக்கோ" என்றார்.

அடுத்த ஞாயிறன்று அதே தொலைக்காட்சியில் வெளிநாட்டுத் தம்பியின் முகம் தெரிய, அம்மம்மா நடுவில் அமர, எல்லோரும் பேசினார்களாம். இரண்டு மணித்தியாலம். தம்பி அழுதாராம். என்ன முடிவு எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்களுடைய காரியம்.

இவ்வாரம் உங்கள் வீட்டிலும் யாராவது டெப்பிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் எடுப்பார்கள். செய்திகளை நிறுத்தி வைத்துவிட்டுப் பாருங்கள். படம் முடிந்தபின் அச்செய்திகளைத் தனியே ஒருமுறை வாசியுங்கள். அவற்றுள் ஏதேனும் ஒன்று அருகில் அமர்ந்திருந்த ஒருவருக்கு நீங்கள் சொல்லவேண்டியதாயின், அவர் உறங்கப் போகுமுன் சொல்லிவிடுங்கள்.