அடைக்கலப் பணத்தை யார் மன்னிப்பது?

பட்ட கடனை மன்னிக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கே உண்டு. நெருக்கடியில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது திருக்குர்ஆன். தள்ளுபடி செய்வது அதனினும் நல்லது, அது தர்மம் என்கிறது. அந்தத் தர்மத்தை அடுத்தவர் செய்ய முடியாது. நம் ஸ்மிருதிகள் இன்னும் கண்டிப்பானவை. அப்பன் பட்ட கடனை மகன் வட்டியோடு அடைக்க வேண்டும், பாட்டன் பட்டதைப் பேரன் அசலளவாவது அடைக்க வேண்டும் என்றன. மகன் மேலிருந்த அந்தக் கடமையை இந்தியச் சட்டம் 2005-இல்தான் நீக்கியது. ஆனால் ஒரு விமான நிறுவனம் நொடித்துப்போகும்போது, பெரிய கடன்காரர்கள் சம்மதித்துவிட்டால் சம்மதிக்காதவருக்கு வரவேண்டியதும் சேர்ந்து கரைந்துவிடுகிறது. வியாபாரக் கடனுக்கு இந்த ஏற்பாடு நியாயமானதே. பயணி முன்கூட்டியே கட்டிய சீட்டுப் பணத்துக்கு இது பொருந்தாது. அது அறத்தின் கணக்கில் கடனே ஆகாது என்பது என் வாதம்.

மலேசியாவின் ஏர்ஏசியா எக்ஸ் விமான நிறுவனத்தின் வழக்கை எடுத்துக்கொள்வோம். கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, 2020 அக்டோபரில், 6,350 கோடி ரிங்கிட் பொறுப்புகளை 20 கோடியாகச் சுருக்கும் திட்டத்தை அது முன்வைத்தது. 2021 நவம்பரில் கடன்காரர்கள் ஏற்றுக்கொண்ட இறுதித் திட்டத்தில், கடனில் 0.5 விழுக்காடே கைக்கு வரும் என்றானது. விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களும் தயாரித்தவர்களும் போலவே, சீட்டு வாங்கிக் காத்திருந்த பயணிகளும் கடன்காரர்களாகவே எண்ணப்பட்டார்கள். அவர்களுக்குப் பணம் திரும்பவில்லை. பிற்காலப் பயணத்துக்கான வரவு மட்டும் கிடைத்தது. அப்போதைய மலேசிய விமானப் போக்குவரத்து ஆணையம் இதில் தன் ஏமாற்றத்தை வெளிப்படையாகவே தெரிவித்தது. மலேசியாவின் 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, கூட்டத்தில் வாக்களிக்கும் ஒவ்வொரு வகைக் கடன்காரரிலும் கடன் மதிப்பில் 75 விழுக்காடு ஆதரவு இருந்து நீதிமன்றமும் ஒப்பினால் திட்டம் எல்லோரையும் கட்டும். எண்ணப்படுவது தலைகள் அல்ல, தொகை.

குத்தகை நிறுவனம் ஒப்பந்தம் போடும்போதே நட்டத்தின் வாய்ப்பைக் கணக்கிட்டு வாடகையில் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு வழக்கறிஞர்கள் உண்டு, பிணை உண்டு, வாடகை வராவிட்டால் விமானத்தை மீட்டுக்கொள்ளும் வழியும் உண்டு. ஜொகூரின் யோங் பெங்கிலிருந்து நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் வரை பேருந்தில் போய் விமானம் ஏற வேண்டிய குடும்பம் நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பைப் படித்துவிட்டா சீட்டு வாங்குகிறது? வட்டி எதிர்பார்த்து அது பணம் கொடுக்கவில்லை. ஊருக்குப் போகிறவர் அண்டைவீட்டாரிடம் நகையைக் கொடுத்துவைப்பது போல, குறித்த ஒரு காரியத்துக்காக ஒப்படைத்தது. மனுவின் நூல் வழக்குகளைப் பதினெட்டாகப் பிரிக்கையில் கடனை முதலாவதாகவும் அடைக்கலப் பொருளை இரண்டாவதாகவும் தனித்தனியே வைத்தது. இஸ்லாமும் அமானத் எனப்படும் அடைக்கலப் பொருளைக் கடனோடு குழப்புவதில்லை. ஒப்படைத்ததை உரியவரிடம் சேர்ப்பது அங்கே நேரடிக் கட்டளை. இரண்டு மரபுகள், வெவ்வேறு காலங்கள், வெவ்வேறு நிலங்கள். ஆனாலும் இந்த இடத்தில் ஒன்றாக நிற்கின்றன.

இன்றைய சட்டங்களுக்கும் இந்த வேறுபாடு தெரியாமலில்லை. சீட்டு ரசீதை விரித்துப் பார்த்தாலே போதும்: கட்டணத்துக்குக் கீழே பயணிகள் சேவைக் கட்டணம் தனி வரியில் இருக்கும். விமான நிலையத்துக்காக நிறுவனம் வசூலித்துக் கொடுக்கும் பணம் அது. ஒரே ரசீதில் ஒரு வரி பிறர் பணம், மேல் வரி மட்டும் நிறுவனத்தின் சொத்தா? இந்தியாவில் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் வழக்கில், ஊழியரின் சேமநிதியையும் பணிக்கொடையையும் முழுமையாகக் கொடுத்தே ஆகவேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022-இல் சொன்னது. உச்சநீதிமன்றமும் அதை மாற்றவில்லை. பிரெஞ்சுச் சட்டம் நொடித்த நிறுவனத்தின் கடைசி அறுபது நாள் சம்பளத்தை வங்கிகளுக்கும் முன்னால் வைக்கிறது. கையிருப்பு இல்லையென்றால் முதலாளிகளின் சந்தாவில் நடக்கும் பொதுநிதி கொடுக்கிறது. ஆனால் அதே பிரான்சில் 2019 செப்டம்பரில் ஏக்ல் அசூர் விமான நிறுவனம் கலைக்கப்பட்டபோது, சுற்றுலாத் தொகுப்பில் சேராமல் தனிச்சீட்டு வாங்கிய பயணிக்கு அத்தகைய காவல் இல்லை. உழைப்பைக் கடன் வரிசையிலிருந்து வெளியே எடுக்கத் தெரிந்த சட்டம், சீட்டுப் பணத்தை உள்ளேயே விட்டுவிட்டது.

ஏர்ஏசியா எக்ஸைக் கலைத்திருந்தால் பயணிக்கு ஒரு காசும் வந்திருக்காது, மீட்டதால் வரவாவது கிடைத்தது என்பார்கள். உண்மைதான். நிறுவனம் பிழைத்ததில் வேலைகளும் பிழைத்தன. அந்த மீட்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இரண்டு தீமைகளில் சிறியதைக் கொடுத்ததால் ஒரு முறை நியாயமாகிவிடாது. சொத்து கைமாறும்போது வரிசையின் கடைசியில் நிற்பது என்னவென்று ஜொகூர் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐம்பதுகளில் ரப்பர் தோட்டங்கள் துண்டு போட்டு விற்கப்பட்டபோது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் எல்லாம் சட்டப்படியே நடந்தது. வேலையும் வீடும் போனது பால்மரம் வெட்டியவருக்கு. மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன், தொழிலாளரே சேர்ந்து தோட்டங்களை வாங்கும்படி 1960-இல் நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது, அந்த வரிசையை நம்பியிருக்க முடியாது என்று கண்டதால்தான்.

வலுவான மறுப்பு வேறு. முன்பணத்தை வைத்துத்தான் விமான நிறுவனங்கள் எண்ணெய் வாங்கிப் பறக்கின்றன. அதைப் பூட்டிவைத்தால் மலிவுக் கட்டணமே இருக்காது என்பது. இதை ஒதுக்கிவிட முடியாது. பணம் முழுவதையும் முடக்க நான் கேட்கவில்லை. பிரிட்டனில் விமானப் பயணத்தோடு கூடிய சுற்றுலாத் தொகுப்பு வாங்கும் ஒவ்வொரு பயணிக்கும் 2.50 பவுண்டு வீதம் ஒரு காப்பு நிதிக்குப் போகிறது. 2017-இல் மொனார்க் விமான நிறுவனம் நொடித்தபோது அந்த நிதி கைகொடுத்தது. மலேசியாவிலும் ஒழுங்குமுறைச் செலவுக்கென்று பயணிக்கு 1 ரிங்கிட் 2018 முதல் வசூலானது. யாரும் அதற்காகப் பறக்காமல் இருந்துவிடவில்லை. அதே வரிக்குப் பக்கத்தில் இன்னும் ஓரிரு ரிங்கிட் சேர்த்து, நிறுவனத்தின் கணக்கில் விடாமல் தனி அறங்காவலர் கையில் வைக்கலாம். மலிவுச் சீட்டு வாங்குபவருக்கு அந்த ஓரிரு ரிங்கிட்டும் கனம்தான். ஆனால் நான்கு பேருக்கான சீட்டுப் பணம் மொத்தமாகப் போனால் அடுத்த பயணத்துக்கு மறுபடி சேர்க்க ஆண்டுகள் ஆவதும் அவருக்கே.