குழல் ஒருவருடையது, கை இன்னொருவருடையது

பன்றியைக் கொல்லலாமா என்று கேட்கிறார்கள். ஜீவகாருண்யம் பேசுகிறவர்கள் கூடாது என்கிறார்கள். கரும்பும் மல்லாட்டையும் வைத்திருப்பவர்கள் கொன்றே தீரவேண்டும் என்கிறார்கள. இரண்டு தரப்பும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கொல்லப்போவது யார் கை? அந்தக் கைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது? அறம் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் எங்கள் பக்கம். வருசத்தில் பாதி நாள் ஆற்றில் மணலும் கோரையும் சீமைக்கருவேலும்தான். பகலெல்லாம் புதரில் படுத்துக் கிடக்கும் பன்றி, ராத்திரியில் கழனிக்குள் இறங்குகிறது. ஒரு கூட்டம் இறங்கினால் மல்லாட்டைக் கொல்லை ஏர் ஓட்டின மாதிரி ஆகிவிடும். குத்தகைக்குப் பயிர் வைத்த நம் சனங்களும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். பன்றியால் நட்டம் என்பது பொய்யில்லை.

சாதிச் சான்றிதழுக்கு மனு எழுதித் தருவதற்காக நரிக்குறவர் குடியிருப்புக்குப் போயிருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நிலக்காரர் ஒருவர் பரணில் கிடந்த ஒத்தைக் குழல் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய சாமான். துருவெடுத்துத் தரவேண்டும், அப்படியே ரெண்டு பன்றியும் சுட்டுத் தரவேண்டும் என்றார்.

பெரியவர் முதலில் கம்பியை உள்ளே விட்டு, பழைய மருந்து கெட்டிக் கிடக்கிறதா என்று அளந்து பார்த்தார். பிறகு கம்பியில் துணி சுற்றிவிட்டு இழுத்தார். துணி கிழிந்து வந்தது.

“மேல்துருன்னா தேச்சு எண்ணெய் போட்டுக் குடுத்துடுவேன் சாமி. உள்ள அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக் கெடக்குது. காடைக்குத் தாங்கும். பன்னிக்குத் தாங்காது.”

அவர் சொன்னது தொழில் தெரிந்தவர் சொல். கரிமருந்து எரிந்தபின் குழலில் ஒட்டும் கசடு ஈரத்தை இழுக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசாவிட்டால் இரும்பைத் தின்னும். மேலே படிந்த துருவை எடுத்துவிடலாம். குழி விழுந்த இடத்தில் தேய்க்கத் தேய்க்க இரும்புதான் மெலியும். காடைக்குப் போடும் ரவை பன்றியின் தோளைத் துளைக்காது. கனத்த குண்டு வேண்டும், அதைத் தள்ள மருந்தும் கூட வேண்டும். மெலிந்த குழல் அதில் வெடித்தால் பிடித்திருப்பவனின் விரலும் கண்ணும் போகும்.

நிலக்காரர் அலட்டிக்கொள்ளவில்லை. “சுடப்போறது நீதானே, எங்களுக்கென்ன?” என்றார்.

பெரியவர் துப்பாக்கியைச் சாக்கிலேயே சுற்றித் திருப்பிக் கொடுத்தார். “அரைகுறையா அடிபட்ட பன்னி நாலு நாள் கத்திக்கினே சாவும் சாமி. குட்டியோட திரியுற நேரம் வேற” என்று மட்டும் சொன்னார். ஜீவகாருண்யம் அங்கே யாரிடம் இருந்தது என்று வாசகர்கள் யோசிக்கலாம்.

நிலக்காரரின் அந்த ஒரு வாக்கியத்தில் சாதியின் அறவியல் முழுசாக இருக்கிறது. பலன் எனக்கு, ஆபத்து உனக்கு, பாவமும் உனக்கு. மலக்குழியில் இறக்கும்போதும் இதே கணக்குதான், செத்த மாட்டைத் தூக்கச் சொல்லும்போதும் இதே கணக்குதான். காரியம் முடிந்தபின் ‘கொலைகாரச் சாதி’ என்ற பெயரும் நமக்கே.

சட்டமும் இந்தக் கணக்கைக் கலைக்கவில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்க்காவலுக்கென்று மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர இடம் வைத்திருக்கிறது. பயிர் யாருக்கு இருக்கிறது? நிலம் உள்ளவனுக்கு. அதே சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமில்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்த்துக் கொடுப்பது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைச் சுடுவதும் குற்றம். பெரியவர் சரி என்று தலையாட்டியிருந்தால் இரண்டு வழக்கும் அவர் தலையில்தான் முதலில் விழுந்திருக்கும்.

குடகைப் பாருங்கள். 1861இல் வெள்ளைக்காரன் குடகர்களுக்கு ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு அளித்தான். அவனுக்கு விசுவாசமாக இருந்ததற்குப் பரிசு அது. சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் செல்லும் என்றது. ஆண்டுதோறும் கைல்பொள்து விழாவில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். கும்பிடட்டும், நமக்கு வழக்கில்லை. ஆனால் அதே வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் குறவர் சமூகங்கள் பலவற்றை அதற்குள் அடைத்தான். ஒருவர் கையிலிருந்தால் பண்பாடு, இன்னொருவர் கையிலிருந்தால் குற்றம். இரும்பு ஒன்றுதான். பிறப்புதான் வேறு.

அம்பேத்கர் 1936இல் ‘சாதி ஒழிப்பு’ எழுதியபோது இதைத் தொட்டார். இந்த நாட்டின் அடித்தட்டு மக்கள் ஏன் புரட்சி செய்யவில்லை என்று கேட்டு, ஆயுதம் தாங்கும் உரிமை மறுக்கப்பட்டதை ஒரு காரணமாக வைத்தார். இதைச் சொன்னால் ‘ஆளுக்கொரு துப்பாக்கி கேட்கிறீர்களா’ என்பார்கள். அது இல்லை நம் கேள்வி. ஆயுதம் நம் கையில் இருந்த இடத்தில்கூட அதை எப்போது, எதற்கு எடுப்பது என்ற முடிவு நம்மிடம் இருந்ததில்லை. வேட்டைக்குப் போகும் ஜமீன்தாருக்குப் புதர் கலைத்துக் கொடுத்தவர்கள் நாம்.

துப்பாக்கி கிடைக்காவிட்டால் திருட்டுக் கரண்டை வேலியில் கொடுக்கிறார்கள். பன்றிக்கு வைத்த கம்பியில், ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன கூலியாள் செத்துக் கிடக்கிறான். அவுட்டுக்காயைக் கடித்து யானையும் சாகிறது. எந்த வழியானாலும் விலை கொடுப்பது பயிருக்குச் சொந்தமில்லாத உடம்பு.

கேரளம் 2022இல் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுபவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், கறியைத் தின்னக்கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று முடிவெடுத்தார்கள். பொறுப்பை அரசு ஏற்பது ஒரு படி மேல்தான். ஆனால் எந்தத் தடம் பழையது, எந்தப் பன்றி குட்டி போட்டது என்று தெரிந்தவர்களை அழைத்துக் கூலியும் காப்பீடும் கொடுத்து, ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையோடு உட்கார வைப்பார்களா?

திருமுக்கூடல் பெருமாள் கோயில் சுவரில் 11ஆம் நூற்றாண்டு வீரராசேந்திரன் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதில் வைத்தியம் பார்த்த பட்டனுக்குப் பெயர் உண்டு. மருந்துக்குப் பச்சிலையும் விறகும் கொண்டுவந்தவர்கள் ‘இருவர்’. அவ்வளவுதான். கல்வெட்டில் அவர்கள் எண்ணிக்கை, உரிமத் தாளில் அதுகூட இல்லை.

பன்றியைக் கொல்வது சரியா தப்பா என்று பேசுவோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பேச்சில் முதல் சொல், வெடிக்கக்கூடிய குழலைப் பிடிக்கச் சொல்லப்படுகிறவருடையதாக இருக்கட்டும். அவர் பிடிக்க மாட்டேன் என்றால், பயிருக்குச் சொந்தக்காரர் தன் கையால் பிடித்துப் பார்க்கட்டும்.